இயங்குதளம் மாறும்போது சொந்தக் கோப்புகள்: வட்டுப் பிரிவுகளின் வரலாறு

கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் பழைய கணினி ஒன்றைக் கொண்டுபோய், "ஓஎஸ் மாத்திப் போடணும்" என்று சொன்னால், கடைக்காரர் முதலில் கேட்பது இதைத்தான்: "சி டிரைவ்ல முக்கியமானது ஏதாவது இருக்கா?" இல்லை என்று சொல்லிவிட்டு வந்து, டெஸ்க்டாப்பில் வைத்திருந்த படங்களும் கடிதங்களும் சி டிரைவில்தான் இருந்தன என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் பலர். அந்தக் கேள்விக்குள் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அடங்கியிருக்கிறது. வன்தட்டு ஏன் சி என்ற எழுத்தில் தொடங்குகிறது, ஒரே தட்டு ஏன் சி, டி, ஈ எனப் பல தட்டுகளாகத் தோன்றுகிறது, சி டிரைவை அழித்தாலும் டி ஏன் பிழைத்துக்கொள்கிறது, டெஸ்க்டாப் ஏன் பிழைப்பதில்லை என்பவை எல்லாம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவுகள். பயனரின் கோப்புகளைக் காப்பதற்கென்றே எடுக்கப்பட்டவை அவற்றுள் மிகச் சில.

நான்கே இடங்கள்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரில் வன்தட்டு கிடையாது. ஃபிளாப்பி வட்டுகளுக்கான இரண்டு இயக்கிகளுக்கு ஏ, பி என்ற எழுத்துகள் போய்விட்டன. 1983 மார்ச்சில் 10 மெகாபைட் வன்தட்டுடன் வந்த எக்ஸ்டி மாதிரியில், மீதமிருந்த முதல் எழுத்தான சி வன்தட்டுக்குக் கிடைத்தது. ஃபிளாப்பி வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகியும் சி தன் இடத்தை விட்டு நகரவில்லை.

எக்ஸ்டியுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில்தான் பார்ட்டிஷன் எனப்படும் வட்டுப் பிரிவு பர்சனல் கம்ப்யூட்டருக்கு அறிமுகமானது. அதன் அமைப்பு மிக எளியது. வன்தட்டின் முதல் செக்டர் 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் கணினியைத் தொடங்கும் சிறு நிரலுக்கு, 64 பைட் பிரிவு அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. ஒரு பிரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை என்பதை எழுத 16 பைட் தேவை. ஆகவே 64 பைட்டில் நான்கு பிரிவுகளை மட்டுமே குறிக்க முடியும்.

10 மெகாபைட்டை எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று இன்றைய மாணவர் கேட்கலாம். ஐபிஎம் கணினிக்கு அப்போது டாஸ் மட்டும் இயங்குதளமாக இருக்கவில்லை. சிபி/எம்-86, யூசிஎஸ்டி பி-சிஸ்டம் ஆகியவையும் தொடக்கம் முதலே அறிவிக்கப்பட்டிருந்தன. எது வெல்லும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஒரே தட்டில் பல இயங்குதளங்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் இருப்பதற்குப் போட்ட வரப்புதான் பிரிவு. கோப்புகளை வகைப்படுத்தி வைப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

யூனிக்சில் வீடு வந்த கதை

சொந்தக் கோப்புகளுக்குத் தனி இடம் என்ற எண்ணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் பலர் சேர்ந்து பயன்படுத்தும் இயங்குதளம். அது பிடிபி-11 கணினிக்கு மாற்றப்பட்ட 1971 வாக்கில், இயங்குதளம் ஒரு தட்டிலும் பயனர்களின் கோப்புகள் இன்னொரு தட்டிலும் இருந்தன. பயனர்களின் தட்டு யூஎஸ்ஆர் என்ற கோப்புறையில் பொருத்தப்பட்டது. 'யூசர்' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர்.

யூனிக்சில் தட்டுக்கு எழுத்து கிடையாது. எந்தத் தட்டையும் ஏற்கெனவே உள்ள கோப்புறை ஒன்றின் மேல் பொருத்திவிடலாம். பயனருக்கு அது ஒரே மரத்தின் இன்னொரு கிளையாகவே தெரியும். இந்த வசதியே சிக்கலுக்கும் வழிவிட்டது. அன்றைய தட்டுகள் ஓரிரு மெகாபைட் அளவினவை. முதல் தட்டு நிரம்பியதும் இயங்குதள நிரல்கள் பயனர்களின் தட்டுக்குள் வழிந்தன. காலப்போக்கில் யூஎஸ்ஆர் கோப்புறை நிரல்களின் இடமாகவே ஆகிவிட, பயனர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் குடியேறிய இடங்களுள் நிலைத்து நின்ற பெயர் 'ஹோம்', அதாவது வீடு. சொந்த வீட்டில் ஒண்ட வந்தவர் தங்கிவிட, வீட்டுக்காரர் புதுமனை தேடிப்போன கதைதான் இது. இன்றைய லினக்சிலும் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் பயனருடையது எதுவும் இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இட நெருக்கடியால் தற்செயலாக உருவான பிரிப்புதான் என்றாலும் அதன் பலன் பெரிது. ஹோம் தனித் தட்டிலோ தனிப் பிரிவிலோ இருந்தால், இயங்குதளத்தை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவிய பின்னரும் அதைப் பழைய இடத்திலேயே பொருத்திக்கொள்ளலாம். லினக்ஸ் கோப்புறைகளின் அமைப்பை முறைப்படுத்த 1994 பிப்ரவரியில் வெளியான முதல் தரநிலை முதலே இத்தகைய பிரிப்பு ஏற்கப்பட்ட வழக்கமாக உள்ளது.

டாஸ் உலகில் இத்தகைய வீடு இல்லை. உட்கோப்புறைகள் என்ற கருத்தை டாஸ் 2.0 யூனிக்சிடமிருந்து எடுத்துக்கொண்டது. பயனருக்குத் தனி இடம் என்ற கருத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கணினி ஒருவருக்கானது, அதிலுள்ள அனைத்தும் அவருடையதே என்பது அன்றைய எண்ணம். அதனால் கடிதமும் கணக்கும் அவற்றை உருவாக்கிய நிரலின் கோப்புறையிலேயே சேர்ந்து கிடந்தன. நிரலை அழிப்பவர் கடிதத்தையும் அழித்தார்.

டி டிரைவ் என்ற வழக்கம்

வன்தட்டுகள் பெரிதானபோது டாஸ் திணறியது. அன்றைய ஃபேட் கோப்பு முறைமை ஒரு பிரிவில் 32 மெகாபைட்டுக்கு மேல் கையாளாது. அதைவிடப் பெரிய தட்டை வாங்கியவர் அதைத் துண்டு போட்டே தீர வேண்டும். நான்கு இடங்கள் போதாமல் போகவே, 1987இல் வந்த டாஸ் 3.3 அவற்றுள் ஒன்றை உறைபோல ஆக்கி, அதற்குள் மேலும் பல பிரிவுகளை அடுக்க வழி செய்தது. டி, ஈ, எஃப் என்ற எழுத்துகள் வீட்டுக் கணினிகளில் பெருகியது இவ்வாறுதான்.

அடுத்து வந்த பதிப்புகளில் எல்லை 2 கிகாபைட்டாக உயர்ந்தது. ஆனால் புதிய செலவும் கூடவே வந்தது. ஃபேட்16 முறைமை தட்டைக் கிளஸ்டர் எனும் சம அளவுக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புக்கும் முழுக் கூறுகளாகவே இடம் ஒதுக்கும். பிரிவு பெரிதானால் கூறும் பெரிதாகும். 2 கிகாபைட் பிரிவில் ஒரு கூறு 32 கிலோபைட். அங்கே 1 கிலோபைட் கடிதமும் 32 கிலோபைட்டை விழுங்கும். அதே கடிதம் 500 மெகாபைட் பிரிவில் 8 கிலோபைட்டோடு நிற்கும். எனவே இடத்தை மிச்சம்பிடிக்க விரும்பியவர்களும் தட்டைப் பிரித்தார்கள். 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்புடன் ஃபேட்32 வந்தபின் இந்தக் கட்டாயம் தளர்ந்தது. அதற்குள் சி, டி என்று பிரிப்பது கணினி ஒருங்கிணைப்போரின் கை வழக்கமாகிவிட்டது. விண்டோசை அடிக்கடி மீண்டும் நிறுவ வேண்டியிருந்த அந்நாள்களில், டி டிரைவில் போட்டது தப்பிக்கிறது என்பதை மக்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். யூனிக்ஸ் ஹோமுக்கு ஈடான ஒன்றை டாஸ் பயனர்கள் எந்தக் கையேடும் சொல்லாமல் தாங்களாகவே உருவாக்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. டாஸ் முதலில் எல்லாத் தட்டுகளின் முதன்மைப் பிரிவுகளுக்கும் எழுத்து வழங்கிவிட்டு, பிறகே உறைக்குள் இருந்த பிரிவுகளுக்கு வழங்கும். முதன்மைப் பிரிவு கொண்ட இரண்டாவது வன்தட்டு ஒன்றைப் பொருத்தினால் அது டி ஆகிவிடும். நேற்றுவரை டி ஆக இருந்தது ஈ ஆகிவிடும். டி டிரைவைக் குறிவைத்து ஃபார்மட் கட்டளை கொடுத்தவருக்கு அழிந்தது எதுவென்று பிறகுதான் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சி, டி ஆகிய இரண்டும் ஒரே தட்டின் மேல் வரைந்த கோடுகள். தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். இயங்குதளம் கெடுவதிலிருந்து டி காப்பாற்றும். தட்டு கெடுவதிலிருந்து காப்பாற்றாது. டியில் ஒரு பிரதி வைத்ததைக் காப்பு நகல் என்று நம்பிய பலருக்கு இந்த வேறுபாடு தாமதமாகவே புரிந்தது. நகல் என்பது வேறொரு தட்டில், முடிந்தால் வேறோர் இடத்தில் இருப்பது.

வன்தட்டுக்குத் தொலைபேசி அழைப்பு

1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் கணினியில் மினிக்ஸ் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு லினக்சை எழுதத் தொடங்கினார். ஒரே தட்டில் இரண்டுக்கும் இடம் இருந்தது. தொடக்கத்தில் லினக்ஸ் மினிக்சின் கோப்பு முறைமையையே பயன்படுத்தியதால் இரு பக்கமும் போய்வர முடிந்தது. லினக்ஸ் முழுமையடையாத அந்நாள்களில் ஒருமுறை, பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ள மோடம் வழியாக எண்ணைச் சுழற்றுமாறு அவர் கட்டளையிட்டார். மோடம் இருந்த முனையின் பெயருக்குப் பதிலாக வன்தட்டின் முதல் பிரிவின் பெயரைக் கொடுத்துவிட்டார். யூனிக்ஸ் மரபில் கருவிகள் அனைத்தும் கோப்புகளாகவே தோன்றும் என்பதால் கணினி மறுக்கவில்லை. மோடத்துக்கான அழைப்புக் கட்டளைகள் மினிக்ஸ் பிரிவின் தொடக்கத்தின் மேல் எழுதப்பட்டன, மினிக்ஸ் அழிந்தது. அதை மீண்டும் நிறுவுவதற்குப் பதிலாக லினக்சுக்கே முழுமையாக மாறிவிட அவர் முடிவு செய்தார். அவருடன் படித்த லார்ஸ் விர்செனியஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். இயங்குதளம் மாறுவதன் வரலாற்றில் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. லினக்சை உருவாக்கியவரே அதற்கு முழுமையாக மாறியது ஒரு பிரிவைத் தவறுதலாக அழித்ததால்தான்.

அவரைத் தொடர்ந்து லினக்சை முயன்று பார்க்க விரும்பியவர்களுக்கு முன்னால் ஒரு சுவர் இருந்தது. வாங்கும்போதே தட்டு முழுவதும் ஒரே சி டிரைவாக இருக்கும். அதைச் சுருக்க டாசின் எஃப்டிஸ்க் கருவியால் இயலாது. பிரிவை அழித்துப் புதிதாகப் போடவே அதற்குத் தெரியும். எனவே எல்லாக் கோப்புகளையும் ஃபிளாப்பிகளில் ஏற்றி, தட்டை அழித்து, பிரித்து, மீண்டும் இறக்க வேண்டும். நூறு மெகாபைட்டை 1.44 மெகாபைட் வட்டுகளில் ஏற்ற எழுபது வட்டுகள் தேவை. அவற்றுள் ஒன்று பழுதானாலும் அதிலிருந்தது போயிற்று.

1993இல் ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் என்ற சிறு நிரல் இந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தது. முதலில் டீஃப்ராக் கருவியால் கோப்புகளை எல்லாம் பிரிவின் முன்பக்கத்துக்கு நெருக்கிவிட வேண்டும். பின்பக்கம் காலியாக இருப்பதை ஃபிப்ஸ் சரிபார்த்து, பிரிவின் எல்லையை உள்ளே இழுத்துப் புதிய பிரிவொன்றை உருவாக்கும். வேலையைத் தொடங்குமுன் பழைய அட்டவணையை ஃபிளாப்பியில் எழுதி வைத்துக்கொள்ளவும் அது வழி செய்தது. தவறினால் திரும்பி வரும் பாதை இருந்தது என்பதே அந்த நிரலின் சிறப்பு. இன்றைய பல கருவிகளில்கூட இந்த அடக்கம் இல்லை. தட்டைத் தொடவே அஞ்சியவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. யூஎம்எஸ்டாஸ் முறையில் லினக்சை டாஸ் பிரிவுக்குள்ளேயே ஒரு கோப்புறையாக நிறுவலாம். இதே எண்ணம் 2008இல் உபுண்டுவின் வூபி நிறுவியாக மறுபிறவி எடுத்தது.

பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன்மேஜிக் இந்த வேலையை வண்ணப் பட்டைகளை இழுக்கும் விளையாட்டுப் போல ஆக்கியது. அந்நிறுவனத்தை சைமன்டெக் 2003இல் வாங்கியபின் அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றது. அடுத்த ஆண்டே ஜிபார்ட்டட் என்ற கட்டற்ற கருவி வந்து அந்த இடத்தைப் பிடித்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவிலேயே பிரிவைச் சுருக்கும் வசதி சேர்ந்தது. இவற்றில் பிரிவைச் சுருக்குவதைவிட அதன் தொடக்கத்தை நகர்த்துவதே ஆபத்தானது. சுருக்கும்போது கடைசியில் உள்ள சில கோப்புகள் மட்டும் இடம் மாறும். தொடக்கத்தை நகர்த்தினாலோ பிரிவின் உள்ளடக்கம் அத்தனையும் தட்டில் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால் பாதிக் கோப்புகள் பழைய இடத்திலும் பாதிக் கோப்புகள் புதிய இடத்திலும் கிடக்கும்.

பிரிவைத் தவறுதலாக அழித்துவிட்டவருக்கு மட்டும் ஓர் ஆறுதல் உண்டு. அழிவது பெரும்பாலும் அட்டவணையிலுள்ள அந்த 16 பைட் பதிவு மட்டுமே. வரப்பைக் கலைத்தால் பயிர் உடனே போய்விடாது. பிரான்சின் கிறிஸ்டோஃப் கிரனியே 1998இல் வெளியிட்ட டெஸ்ட்டிஸ்க், தட்டு முழுவதையும் தேடிப் பழைய எல்லைகளைக் கண்டுபிடித்து அட்டவணையை மீண்டும் எழுதித்தரும். அதுவரை அந்தத் தட்டில் புதிதாக எதையும் எழுதாமல் இருக்க வேண்டும். பதற்றத்தில் உடனே இயங்குதளத்தை நிறுவிப் பார்ப்பவர்கள் கெடுத்துக்கொள்வது இந்த வாய்ப்பைத்தான்.

ஒருவர் எழுதியது மற்றவருக்குப் படிக்காது

இடம் கிடைத்தபின் அடுத்த தடை கோப்பு முறைமை. விண்டோஸ் என்டியுடன் 1993இல் வந்த என்டிஎஃப்எஸ், 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக வீடுகளுக்கு வந்தது. அதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. லினக்ஸ் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது. பத்திரமாக எழுதப் பல ஆண்டுகள் இயலவில்லை. லினக்சின் இஎக்ஸ்டி முறைமைகளை விண்டோசோ கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பிரிவைத் திறக்க முயன்றால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். ஆம் என்று அழுத்தியவர்களின் ஹோம் அத்துடன் முடிந்தது.

ஆகவே இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருந்தவர்கள் மூன்றாவதாக ஒரு ஃபேட்32 பிரிவைப் பொதுத் திண்ணையாக வைத்துக்கொண்டார்கள். இருவரும் அமரலாம், ஆனால் 4 கிகாபைட்டை எட்டும் ஒரே கோப்புக்கு அங்கே இடமில்லை. லினக்சின் உரிமை அடையாளங்களையும் ஃபேட் நினைவில் வைப்பதில்லை. ஹங்கேரியரான சபோல்ச் சகாசிட்ச் உருவாக்கிய என்டிஎஃப்எஸ்-3ஜி 2007 பிப்ரவரியில் முதல் நிலையான பதிப்பாக வந்தபின்தான் லினக்சிலிருந்து விண்டோஸ் பிரிவில் அச்சமின்றி எழுத முடிந்தது. லினக்ஸ் கருவுக்குள்ளேயே முழு வசதி சேர்ந்தது 2021இல், 5.15 பதிப்பில்.

2012இல் வந்த விண்டோஸ் 8 புதிய கண்ணி ஒன்றை வைத்தது. விரைவாகத் தொடங்குவதற்காக அது கணினியை முழுவதும் அணைக்காமல், தன் நிலையைத் தட்டில் எழுதிவிட்டு உறங்கப்போகும். அந்த நிலையில் லினக்சில் நுழைந்து அதே பிரிவில் எழுதினால், விண்டோஸ் விழித்தெழும்போது தன் நினைவில் இருப்பதே உண்மை என்று நம்பி அதன் மேல் எழுதிவிடும். லினக்ஸ் அத்தகைய பிரிவை 'படிக்க மட்டும்' என்று திறப்பது பழுதினால் அன்று, எச்சரிக்கையினால்.

கோப்புகள் உண்மையில் எங்கே இருக்கின்றன

டி டிரைவில் எல்லாம் பத்திரம் என்று நம்பியவர்களை அதிகம் ஏமாற்றியது விண்டோசின் கோப்புறை அமைப்பு. 1990களின் பிற்பகுதியில் சி டிரைவின் வாசலிலேயே மை டாக்குமென்ட்ஸ் இருந்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் அது டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற கோப்புறைக்குள் பயனர் பெயருக்குக் கீழே போனது. விஸ்டா முதல் அது யூசர்ஸ் என்று சுருங்கியது. யூனிக்சின் ஹோம் ஒருவழியாக விண்டோசுக்கும் வந்துவிட்டது. ஆனால் அதைத் தனிப் பிரிவில் வைக்க நிறுவியில் இடமில்லை. டெஸ்க்டாப் என்பதும் அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் ஒரு கோப்புறைதான். திரையில் பார்க்கும்போது அது எந்த டிரைவிலும் சேராதது போலத் தோன்றுகிறது. உண்மையில் இருப்பது சி டிரைவில்.

ஒரு வசதி மட்டும் இருந்தது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளை டி டிரைவுக்குத் திருப்பிவிடலாம். விவரமறிந்தவர்கள் செய்தது இதைத்தான். 2018 அக்டோபரில் அவர்களுள் சிலருக்கே அடி விழுந்தது. அம்மாதம் வெளியான விண்டோஸ் 10 மேம்படுத்தல், திருப்பிவிடப்பட்ட கோப்புறைகளின் பழைய இடத்தில் வெறுமையான இரட்டைகள் நிற்பதாகக் கருதி அவற்றை நீக்கியது. திருப்பிவிட்டபோது பழைய கோப்புகளை நகர்த்தாமல் அங்கேயே விட்டிருந்தவர்களின் கோப்புகளும் சேர்ந்து அழிந்தன. பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் கூறியது. ஆனாலும் சில நாள்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, திருத்தத்துடன் நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வெளியிட்டது. ஒரு கோப்புறையின் முகவரியை மாற்றுவதும் கோப்புகளைக் கொண்டுபோவதும் இரண்டு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இயங்குதளம் மாறும்போது மறக்கப்படுபவை பெரும்பாலும் கடிதங்களோ படங்களோ அல்ல. உலாவியின் புத்தகக்குறிகள், சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருளின் பெட்டி, கணக்கு மென்பொருளின் தரவு ஆகியவை பயனர் கோப்புறையின் மறைந்த மூலைகளிலோ நிரலின் சொந்தக் கோப்புறையிலோ இருக்கின்றன. டாஸ் காலத்துப் பழக்கம் முழுவதும் போய்விடவில்லை.

லினக்ஸ் பக்கமும் குறையின்றி இல்லை. ஹோமைத் தனிப் பிரிவில் வைத்துவிட்டு ஒரு வெளியீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள், தம் கோப்புகளைத் தாமே திறக்க முடியாமல் திகைத்தது உண்டு. லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அன்றி எண்ணால் குறித்து வைக்கிறது. டெபியனில் முதல் பயனரின் எண் 1000. ரெட்ஹேட் மரபில் அது நெடுங்காலம் 500ஆக இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் பெயர் அதே, ஆள் அதே, எண் வேறு. 2011இல் ஃபெடோரா 16 பதிப்பு 1000க்கு மாறியபின் இந்தக் குழப்பம் குறைந்தது. அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் மையம் டெபியனை ஒட்டி உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசும் ஒரே தட்டில் சேர்ந்து வந்தன. தொடக்கத் திரையில் இரண்டு இயங்குதளங்களின் பெயரைப் பல மாணவர்கள் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

பழைய அட்டவணையின் முடிவு

1983இன் அட்டவணை செக்டர்களை 32 பிட் எண்ணால் எண்ணியது. 512 பைட் செக்டர்களாகக் கணக்கிட்டால் 2.2 டெராபைட்டோடு அது தீர்ந்துபோகும். அதற்கு மேற்பட்ட தட்டுகள் வந்தபோது, இன்டெல் தொடங்கிய யூஇஎஃப்ஐ ஏற்பாட்டின் பகுதியான ஜிபிடி அட்டவணை பரவலானது. அதில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. அட்டவணையின் இன்னொரு பிரதி தட்டின் கடைசியிலும் எழுதப்படுகிறது. ஒரு செக்டர் கெட்டால் தட்டு முழுவதும் தெரியாமல் போகும் நிலை இதனால் தவிர்க்கப்பட்டது. இயங்குதளங்களின் தொடக்க நிரல்களுக்கும் தனியாக ஒரு சிறு பிரிவு வந்தது. முன்பு ஒரே 446 பைட் இடத்தில் விண்டோசும் லினக்சும் மாறிமாறித் தம் நிரலை எழுதி, விண்டோசை மீண்டும் நிறுவினால் லினக்சுக்கு வழி தெரியாமல் போகும். இப்போது இரண்டும் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கடுத்த பதிப்பை ஏற்காத கணினிகளை வைத்திருப்பவர்கள் மீண்டும் அதே கேள்வியின் முன் நிற்கிறார்கள். இப்போது தடை வேறு. தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால், மீட்பு எண் இல்லாமல் லினக்சிலிருந்து பார்க்கும்போது டி டிரைவும் வெறும் இரைச்சலே. பழைய விண்டோஸ் இயங்கும்போதே அந்த எண்ணை எழுதி வைக்க வேண்டும். அழித்தபின் தேடிப் பயனில்லை.

தமிழில் எழுதுவோருக்கு மேலும் இரண்டு செய்திகள் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய நாள்களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை டி டிரைவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அவற்றைப் படிக்கத் தேவையான எழுத்துரு சி டிரைவில், விண்டோசின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருந்திருக்கும். சி போனால் எழுத்துருவும் போகும். கோப்பு ஒரு பைட்கூடக் குறையாமல் இருக்கும். திறந்தால் ரோமன் எழுத்துகளின் குவியல் தெரியும். அத்தகைய கோப்புகளை வைத்திருப்பவர் எழுத்துருவையும் உடன் எடுத்துச் செல்வதோ, யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதோ செய்ய வேண்டும்.

மற்றொன்று கோப்பின் பெயரைப் பற்றியது. என்டிஎஃப்எஸ் பெயருக்கு 255 எழுத்துக்குறிகள் வரை இடம் தருகிறது. லினக்சின் இஎக்ஸ்டி4 தருவது 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே. தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் செலவாகும் என்பதால் இஎக்ஸ்டி4இல் 85 குறிகளுக்கே இடம் உண்டு. 'கோ' என்பதில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து இரண்டு குறிகள், அதாவது 6 பைட். ஆகவே விழாப் படத்துக்கோ பாட்டுக்கோ நீளமாகத் தமிழில் பெயரிட்ட கோப்பு, விண்டோஸ் பிரிவிலிருந்து ஹோமுக்கு வரும்போது பெயர் நீளம் என்ற பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ஆயிரக்கணக்கான கோப்புகள் நகரும்போது அந்த ஒரு செய்தியை யாரும் கவனிப்பதில்லை. பழைய பிரிவை அழிக்குமுன் இரு பக்கத்துக் கோப்புகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடுபட்டவை தெரிந்துவிடும்.